பாட்டுக்கு இடம் விட்டவன்

என் தங்கை மயிலாத்தாள் தொலைபேசியில் அழுபவள் அல்லள். கணவர் மறைந்த செய்தியையே மழை பெய்த செய்தியைப் போலச் சொன்னவள். அவள் பினாங்கிலிருந்த என்னை அழைத்து, "அண்ணா, ஒருக்கா வந்துட்டுப் போங்க. கதிரு மறுக்காவும் கெளம்பறானுங்க. இருக்கற காதும் போயிருமுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்று விம்மியபோது, மறு கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரமே புறப்பட்டேன்.

கதிர்வேல் அவளுடைய ஒரே மகன், ஐம்பதைக் கடந்தவன், மணம் செய்துகொள்ளாதவன். ராக் இசைக்குழுக்களில் டிரம்ஸ் வாசிப்பது அவன் தொழில். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கருவிக்கு 'முழவுத் தொகுதி' என்று ஒரு பெயர் ஆக்கி அவனுக்கு எழுதியனுப்பியதுண்டு. "நல்லா இருக்குதுங்க மாமா. ஆனா வாடகைக்கு எடுக்கறப்போ கடைக்காரனுக்குப் புரியோணுமே" என்று பதில் வந்தது. ஆகவே இங்கு டிரம்ஸ் என்றே எழுதுகிறேன்.

கேரள எல்லையான வாளையாற்றைக் கடந்ததும் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறியது. பேச்சு மாறவில்லை, பனையும் தென்னையும் மாறவில்லை. "எல்லைங்கறது பஸ் டிக்கெட்டுல மட்டுந்தானுங்கய்யா" என்றார் வாடகைக் காரின் ஓட்டுநர். எங்கள் நாட்டில் எல்லை தாண்டுவதென்றால் கடவுச்சீட்டு, கைரேகை, நீண்ட வரிசை. இவரோ வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

எலப்புள்ளியில் தங்கை வீட்டில் அரிசியும்பருப்புச் சோறு ஆவி பறக்கக் காத்திருந்தது. நெய்யைத் தாராளமாக ஊற்றியபடி மயிலாத்தாள், "எளச்சுப் போட்டீங்கண்ணா. அங்க சோறு போடறதில்லீங்களா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். குரலைத் தாழ்த்த வேண்டிய தேவை அவ்வீட்டில் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

"பின்னால நின்னு கூப்புட்டாத் திரும்பறதில்லீங்க. தட்டத்தத் தூக்கிக் கீழ போட்டாத்தான் பாக்கறான். தட்டமெல்லாம் நெளிஞ்சதுதான் மிச்சம்."

வீட்டின் பின்புறத் தேங்காய்க் கொட்டகையிலிருந்து மெல்லிய தட்டொலி வந்துகொண்டிருந்தது. கதிர்வேல் வட்டமான ரப்பர்த் தகடுகளை டிரம்ஸ் போலவே வரிசைப்படுத்தி வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். செவிக்கு ஓய்வு தருவதற்காக இந்த ஏற்பாடு. நான் அவன் கண்ணில் படும்வரை வாயிலிலேயே நின்றேன். அவன் கைகள் ஒரே ஒழுங்கில் சென்றன; ஓரிடத்தில் வேகம் குறையாமலே ஒலி அடங்கியது; சற்றுநேரம் வலக்கை மட்டும் மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தது; பிறகு திரண்டு எழுந்தது. பார்த்ததும் எழுந்து வந்து என் காலைத் தொட்டான்.

"அங்கே ஏன் கையை அடக்கிக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"என்னங்க மாமா?"

திரும்பக் கேட்டேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த எடத்துல பாட்டு வருமுங்க. நான் ஒதுங்கிக்கோணும்" என்றான்.

மறுநாள் முழுவதும் கொட்டகையிலேயே கழிந்தது. கோவை மெல்லிசைக் குழுவொன்றில் திருமணங்களுக்கு வாசித்துத் தொடங்கியவன், பிறகு சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் சென்றான். கூப்பிடும்வரை நடைவழியில் அமர்ந்து தேநீர் குடிக்க வேண்டும். கூப்பிட்டதும் முன்பின் கேட்டறியாத பாட்டுக்கு முதல் முறையிலேயே பிழையின்றி வாசிக்க வேண்டும். காதுக்குள் 'க்ளிக்' என்று ஒரு தட்டொலி சீராக ஓடிக்கொண்டே இருக்கும். "ஸ்டுடியோவுல அதுதானுங்க மாமா எசமான். பாடறவரு, இசையமைப்பாளரு எல்லாம் அதுக்கப்பறம்."

மும்பைக்கும் பெங்களூருக்கும் போனபின் வேறொரு வகைப் பணி வந்தது. ராக் குழுக்களில் டிரம்ஸ் வாசிப்பவர் மேடையில் நெருப்பாக இருப்பார். ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தத் தட்டொலிக்குக் கட்டுப்பட்டு வாசிக்க அவரால் இயலாது. அவருக்குப் பதிலாகக் கதிர்வேல் சென்று வாசித்துவிட்டு வருவான். இசைத்தட்டின் உறையில் அவர் பெயரே இருக்கும். இதை வெளியில் சொல்லக்கூடாது என்பது அத்தொழிலின் எழுதாத கட்டுப்பாடு. ஒருமுறை இரயிலில் எதிரே இருந்த இளைஞன் ஒருவன் சாப்பாட்டுப் பெட்டியின்மேல் இவனுடைய வாசிப்பு ஒன்றைத் தட்டிக் காட்டி, உறையில் பெயருள்ளவரை வானளாவப் புகழ்ந்தானாம்.

"நீ என்ன சொன்னாய்?"

"ஆமாங்க, நல்லா வாசிச்சிருக்காருன்னேன்" என்று சிரித்தான்.

இடையிடையே நெடும்பயணங்கள். வளைகுடா விடுதிகள், உல்லாசக் கப்பல், வடகிழக்கு மலைநகரங்கள், பனிபெய்யும் ஐரோப்பிய ஊர்கள். பெரிய முரசுகளை அந்தந்த ஊரில் வாடகைக்கு எடுப்பார்கள். வெண்கலத் தாளத் தட்டுகளையும் குச்சிகளையும் மட்டும் கையோடு சுமந்து திரிவான். அத்தட்டுகள் இடச்செவிக்கு அருகே ஆண்டுக்கணக்கில் முழங்கியிருக்கின்றன. முதலில் குயிலின் ஒலி போயிற்று என்றான். பிறகு அழைப்பு மணி. பிறகு அந்தக் க்ளிக்.

இப்போது வந்திருக்கும் அழைப்பு வேறுவகையானது. சாஜன் என்ற பாடகனின் குழு கடல்கடந்து நீண்டதொரு சுற்றுப்பயணம் புறப்படுகிறது. அதில் கதிர்வேல் கூலிக்கு வாசிப்பவன் அல்லன், குழுவின் உறுப்பினன். விளம்பரத் தாளில் பெயரும் படமும் வரும். வாழ்நாளில் முதன்முறை. கோவை மருத்துவரோ, இன்னும் ஓராண்டு இந்த முழக்கத்தில் இருந்தால் எதிரில் இருப்பவர் பேச்சும் கேளாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். சாஜனுக்கு இது தெரியாது.

"அவனுக்குத் தெரியாமல் எப்படி வாசிக்கிறாய்?"

அவன் தன் இருக்கையைக் கவிழ்த்துக் காட்டினான். அடியில் உள்ளங்கை அளவான தகடு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. கஞ்சிக்கோட்டுப் பட்டறை ஒன்றில் செய்வித்ததாம். செவியில் கேட்க வேண்டிய தட்டொலி அத்தகட்டில் அதிர்வாக மாறி முதுகெலும்பில் ஏறும். தட்டொலிக் கருவியும் தகடும் ஸ்கூட்டர் பேட்டரியில் இயங்கும். "மேடைக் கரண்டுல போட்டா இரையுமுங்க. அதனால தனி பேட்டரி." செவியில் மாட்டும் குமிழ்கள் பெயருக்குத்தான். குழுவின் இசையை அவற்றின் வழியாகக் கேட்பதாக மற்றவர் நினைத்துக்கொண்டிருந்தனர்.

நீர்மின் நிலையம் உள்ள பள்ளிவாசல் என்ற மலையூரில் ஒரு நிகழ்ச்சி. அது முடிந்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்து. வழியில் பேசித் திருப்பிவிடலாம் என்று நானும் உடன் புறப்பட்டேன். சாஜனும் பிறரும் முன்னரே மலையேறிவிட்டார்கள். கருவிகளை ஏற்றிய வேனில் ஓட்டுநர், கதிர்வேல், நான்.

பேசும் எண்ணம் முதல் மணிநேரத்திலேயே பொய்த்தது. அருகே அமர்ந்திருப்பவனுக்கு என் வாய் தெரியாது. இயந்திர இரைச்சலில் என் குரலும் எட்டாது. கட்டிவைத்திருந்த நல்ல சொற்றொடர்களோடு சன்னல் வழியே காட்டைப் பார்த்துக்கொண்டு சென்றேன்.

மறையூரைத் தாண்டிய ஏற்றத்தில் தீய்ந்த நாற்றம் வந்தது. கிளட்ச் கருகிவிட்டது என்று சொல்லி ஓட்டுநர் சாலையோரத்தில் குந்தினார். நெடுநேரத்திற்குப் பின் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லாரி ஒன்று நின்றது. கொழுந்து பறித்த பெண்கள் சிலர் பின்னால் இருந்தனர். லாரி ஓட்டுநர் சுடலைமுத்து தலையை நீட்டி, "என்னய்யா, கல்யாணச் சமையலா? இம்புட்டு அண்டா வச்சிருக்கீக!" என்றார்.

"தாம்பாளமும் இருக்குண்ணே" என்று பின்னாலிருந்து ஒரு பெண் தாளத் தட்டுகளைச் சுட்டினாள்.

சமையலன்று, இசைநிகழ்ச்சி என்றேன். சுடலைமுத்து ஏற்றிக்கொள்ள இசைந்தார். ஆனால் கொழுந்தின்மேல் எதையும் வைக்கக் கூடாது என்றார். "நசுங்குச்சுன்னா சூடேறிச் செவந்துரும்யா. ஃபேக்டரில என் தோல உரிச்சிருவாக." அதற்கு வழியும் அவரே கண்டார். லாரியின் பக்கக் கம்பிகளில் கொழுந்துப் பைகளைத் தொங்கவிடும் கொக்கிகள் இருந்தன. பைகளோடு பைகளாக முரசுகளும் தொங்கின. வளைவுதோறும் ஒன்றோடொன்று மோதித் தாமாகவே முழங்கின.

"ஏட்டி, அதத் தட்டாத. பொறவு ஆடச் சொல்லிருவாக."

"ஆடுனா லாரி தாங்காதுக்கா, நீ சும்மா இரி."

கதிர்வேல் எல்லோரும் சிரித்து முடித்தபின் சிரித்தான். தாம்பாளம் என்று சொன்ன அப்பெண் அவனைச் சற்றே உற்றுப் பார்த்தாள். பிறகு குரலே எழுப்பாமல், உதடுகளை நன்றாக அசைத்துக் கையாலும் காட்டி, எந்த ஊர் என்று கேட்டாள். அவன் உடனே விடை சொன்னான். எத்தனை பிள்ளைகள் என்றாள், இல்லை என்றான். அம்மா இருக்காகளா என்றாள், இருக்கிறார்கள் என்றான். என்னிடம் ஒவ்வொன்றையும் இருமுறை கேட்டவன், அவளிடம் ஒன்றையும் திரும்பக் கேட்கவில்லை.

எனக்கு வியப்பு. அவள் என் பக்கம் திரும்பி, "ஃபேக்டரில மிசினு ஓடயில நாங்கல்லாம் இப்படித்தான்யா பேசுவோம். ஒரு சொல்லு காதுல விழாது. இவுகளுக்கு ரெண்டு காதுமே இல்ல போல. எப்படித்தான் கொட்டு வாசிக்காகளோ" என்றாள். அவனோடு பல மாதங்கள் பயிற்சி செய்த குழுவினருக்குத் தெரியாததை ஒரு மலைவளைவுக்குள் அவள் கண்டுகொண்டாள். அவள் சொன்னதைக் கதிர்வேலும் அவள் உதட்டில் படித்துவிட்டான். தொங்கிய முரசு ஒன்றைக் கையால் பிடித்து ஆடாமல் நிறுத்தினான். இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

மறுநாள் பள்ளிவாசலில் காலையுணவு வேகவைத்த கப்பையும் மிளகாய்த் துவையலும், பாலில்லாக் கட்டன் சாயாவும். கப்பை என்பது மரவள்ளிக் கிழங்கு. பினாங்கில் அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முதியோரை என் இளமையில் பார்த்திருக்கிறேன். போர்க்காலத்தில் அதொன்றையே தின்று உயிர்வாழ்ந்தவர்கள். இங்கே சுற்றுலாப் பயணிகள் அதை விரும்பிக் கேட்டு வாங்கினர். தோட்டத் தொழிலாளரின் தொடர்வீடுகளை இங்கும் 'லயம்' என்கிறார்கள். எங்கள் ரப்பர்த் தோட்டங்களிலும் அச்சொல்லே. இருவேறு நாட்டு மலைகளுக்கு ஒரே வகை வீட்டுக்காகவே நம்மவர் சென்றனர் போலும்.

ஜீப் ஓட்டுநர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து எடுத்த விழா அது. சரிவில் இருந்த விளையாட்டுத் திடலில் மேடை. பிற்பகலிலேயே லயத்துக் குடும்பங்கள் வந்து அமர்ந்துவிட்டன. சாஜன் மலையாளி, முப்பது அகவை இருக்கும், கனிவானவன். மலையாளத்தில் அவன் பேசியதைத் தமிழில் தருகிறேன். "கதிரேட்டன் இருக்கும்போது எனக்கு அச்சமே இல்லை ஐயா. நான் எங்கே தடுமாறினாலும் அவர் பிடித்துக்கொள்வார்" என்றான். சேட்டன் என்றால் அண்ணன். அதைப் பெயரோடு சேர்த்து அவ்வாறு அழைத்தான்.

டிரம்ஸைச் சுற்றி ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு ஒன்றை நிறுத்தினார்கள். அதன் ஒலி பிற ஒலிவாங்கிகளில் புகாதிருக்க அது வேண்டுமாம். எனக்கு மேடையின் பக்கத்தில், தடுப்பில்லாத இடத்தில், நாற்காலி போட்டனர்.

நிகழ்ச்சி தொடங்கியபோது மலைக்குளிர் இறங்கியிருந்தது; பகல் வெளிச்சம் இருந்ததால் மேடை விளக்குகளை இன்னும் ஏற்றவில்லை. வாசிப்பவனின் மூச்சும் வியர்வையும் பட்டுக் கண்ணாடியில் ஆவி படிந்தது. சில பாட்டுகளுக்குள் தடுப்புக்கு அப்பால் இருந்தவர்கள் வெறும் நிழல்களாயினர். கதிர்வேல் துடைக்கவில்லை, கையையே பார்த்து வாசித்தான்.

கொட்டகையில் அவன் பயின்ற அந்தப் பாட்டு வந்தது. முதற்பகுதி முடிந்து இரண்டாம் பகுதி தொடங்கியபோது, மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருமலோடு நின்றது. ஒலிபெருக்கிகள் அடங்கின. சாஜனின் குரல் ஒரு சாதாரண மனிதனின் குரலாகச் சுருங்கிப் பின் அதுவும் ஓய்ந்தது. கிதார்க்காரர்கள் கையைத் தொங்கவிட்டனர். "கரண்டு பொறக்குற ஊருல கரண்டு இல்லியே!" என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு.

டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை.

பேட்டரித் தகடு அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. அவன் வாசித்துக்கொண்டிருந்தான். கூட்டம் அதைத் தனி வாசிப்பு என்றே எடுத்துக்கொண்டது. "ஏலே, தனியா அடிக்காருல! கேளுல!" என்று விசில் பறந்தது. அவன் தனியாக வாசிக்கவில்லை. சாஜன் பாடவேண்டிய இடத்தில் கையை அடக்கி ஒதுங்கினான். அங்கே குரல் இல்லை. கிதார் எழவேண்டிய இடத்தில் அதைத் தூக்கிவிட ஓர் உருட்டு வாசித்தான். எழுவதற்கு அங்கே கிதார் இல்லை. யாரும் அமராத பந்தியில் இலைதோறும் பரிமாறிச் செல்பவனைப் போல அவன் வாசித்தான். அந்த அமைதிகளைத்தான் கூட்டம் மிகவும் சுவைத்தது. ஒவ்வோர் அமைதிக்கும் மூச்சடக்கி, அது உடைந்ததும் ஆர்ப்பரித்தது.

குழுவில் ஒருவன் தடுப்பை நோக்கி ஓரடி வைத்தான். சாஜன் கை நீட்டித் தடுத்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. பாட்டு முடியும்வரை யாரையும் அசையவிடவில்லை.

இறுதி முழக்கத்தோடு கதிர்வேல் குச்சிகளை மடியில் வைத்தான். சாஜன் வந்து சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த வட்டத்தின் வழியாகக் கதிர்வேல் அவனைப் பார்த்தான். தோளில் தொங்கிய கிதாரைப் பார்த்தான். அணைந்து கிடந்த ஒலிபெருக்கிகளின் சிவப்பு விளக்குகளைப் பார்த்தான். பெயருக்கு மாட்டியிருந்த குமிழ்களைக் கழற்றினான்.

"எங்கிருந்து?" என்று கேட்டான்.

சாஜன் இரண்டு விரலைக் காட்டினான். இரண்டாம் பகுதியிலிருந்து.

ஜெனரேட்டரைச் சரிசெய்யும்வரை மேடையின் பின்னே மூவரும் நின்றோம். சாஜன் கதிர்வேலின் தோள்களைப் பிடித்து நேரே பார்த்துப் பேசினான். "விளக்கு ஒன்று வைப்போம். ஒலி நின்றால் அணையும். உங்களுக்கென்றே ஓர் ஆளை நிறுத்துகிறேன். கூட்டத்தைப் பார்த்தீர்களா? இதையே நம் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் உங்கள் பெயர் அச்சாகிவிட்டது, கதிரேட்டா."

கதிர்வேல் அந்தக் கடைசிச் சொற்களைப் படித்ததும் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் தங்கை என்னை அனுப்பியதே அதற்காகத்தான்.

"கரண்டு போனா வெளக்கு சொல்லிப்போடும் சாஜன்" என்றான் அவன். "உனக்குத் தொண்ட கட்டி ஒரு நாளைக்கு மெதுவாப் பாடுனீன்னா எது சொல்லும்? நீ அழுதுட்டே பாடுனா? அடுத்தவங்க பாட்டுக்கு வாசிச்சுத்தான் நான் இத்தன வருசம் சோறு தின்னேன். பாடறவனக் கேக்காம வாசிக்கறவன் எதுக்கு? நல்ல பையன் ஒருத்தன் இருக்கான். பேரு தர்றேன். அவனக் கூட்டிட்டுப் போ."

"உங்கள் பெயர்?"

"அழிச்சுப் போடு சாமி. பழக்கந்தான்."

சாஜன் கிதார்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

மின்சாரம் வந்தது. ஒப்புக்கொண்டதை முடித்துத் தர வேண்டும் என்று கதிர்வேல் திரும்பவும் மேடையேறினான். தடுப்பை எடுக்கச் சொன்னான், பேட்டரியைத் துண்டித்தான், சாஜனின் தோளும் விரலும் தெரியுமாறு இருக்கையைத் திருப்பினான். மீதிப் பாட்டுகளுக்கு எளிமையாக, சிறு அலங்காரமும் இன்றி வாசித்தான். ஓரிடத்தில் சாஜன் உருகித் தாழ்ந்தபோது அவன் சற்று முன்னே சென்றுவிட்டான். சாஜன் ஓடிவந்து சேர்ந்துகொண்டான். திடலில் யாரும் அறியவில்லை. கதிர்வேல் அறிந்திருந்தான் என்பதை அவன் தாடை சொன்னது.

எல்லாம் முடிந்தபின்னும் கூட்டம் கலையவில்லை. எழுந்து நின்று கைதட்டிக் கத்தியது. அவன் என்னைப் பார்த்தான். "என்னங்க மாமா கேக்கறாங்க?"

"மறுபடி வாசிக்கச் சொல்கிறார்கள்."

அவனுக்குப் புரியவில்லை. தங்கையின் பேச்சுவழக்கில், அந்த லாரிப் பெண்ணைப் போல உதட்டை அசைத்து, "மறுக்காவும் வாசிக்கச் சொல்றாங்க, கண்ணு. நீ தனியா வாசிச்சியே, அத" என்றேன்.

"தனியா நான் எங்கீங்க மாமா வாசிச்சேன்" என்றான். தாளத் தட்டுகளின் திருகை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் சுற்றத் தொடங்கினான். கூட்டத்திற்கு முதுகு காட்டியிருந்தான். ஆர்ப்பரிப்பு அடங்கவில்லை.

என் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. மயிலாத்தாள்.

"ஏனுங்கண்ணா, சொல்லிட்டீங்களா? என்ன சொன்னான்?"

"வீட்டுக்கு வருகிறான்."

அவள் நெடுமூச்சு எனக்குக் கேட்டது. பிறகு, "அங்கென்னங்கண்ணா அத்தன சத்தம்? ஆரு அப்படிக் கத்தறது?" என்றாள்.

"அவனைத்தான் கூப்பிடுகிறார்கள்" என்றேன்.